தோற்றவர் ஏறும் நாற்காலி

1

செய்தியிதழ்க்காரர்கள் கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையை எழுதியிருக்கவே மாட்டேன். எங்கள் ஊர் நகராட்சியின் மாத இதழ் என்னிடம் கேட்டது ஒரு தாள். தலைப்பையும் அவர்களே வைத்துவிட்டார்கள்: "ரிங்கா ஒகுயாமாவின் பள்ளி ஆட்டத்துக்கு நடுவராக இருந்தவர் நினைவுகூர்கிறார்." பழைய போட்டித் தாள் ஒன்றில் நடுவர் பெயர் கிடைத்ததாம். ஹொன்மா சிஹரு. அவளைப் பார்த்துப் பேசி நல்லதாக நாலு வரி எழுத வேண்டும்.

முதல் தொடக்கம்:

யமகதாவில் பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை மாலை, நாடே மூச்சைப் பிடித்துக் காத்திருந்த அந்த

[நாடு காத்திருக்கவில்லை. அரையிறுதிவரை பாதிப் பேருக்கு ரிங்காவின் பெயரே தெரியாது. அழித்தாயிற்று. கோப்பை எது, அது கிடைக்காமல் எத்தனை வருடம், யார் பெயர் என்ன, எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். தேட வேண்டாம்.]

2

சிஹருவிலிருந்து தொடங்குகிறேன். வயது இருபத்தேழு. பள்ளிகளுக்கு மதிய உணவு சமைத்து அனுப்பும் மையத்தில் வேலை. அந்த மாலை பொதுமண்டபத்தில் பெரிய திரை கட்டி ரிங்கா ஆடிய டென்னிஸ் இறுதி ஆட்டத்தைக் காட்டினார்கள். பின்னால் அண்டாவில் பன்றியிறைச்சி சூப் கொதித்தது. அகப்பை வேலையை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். அங்கிருந்து பார்த்தால் தூண் மறைத்துப் பாதித் திரைதான் தெரியும். அவளுக்கு அது போதும்.

டோஃபு கடை இகராஷி கிண்ணத்தை நீட்டினார். "முப்பத்தெட்டு வருஷமாச்சு, நம்ம நாட்டுப் பொண்ணு ஒருத்தி அந்தக் கோப்பையத் தொட்டு. ரிங்கா சின்னதுல என் கடை டோஃபு தின்னுதான் அந்தக் கை வந்துச்சு."

"தினமும் தின்னுற உங்களுக்கு ஏன் வரல?"

"எனக்கு வயிறு வந்துச்சு. எல்லாருக்குமா கை வரும்?"

கடைசிப் பந்து மூலையில் விழுந்தது. கணினி அதை மறுபடி வரைந்து காட்டியது: பந்து கோட்டின் விளிம்பை மயிரிழையளவு தொட்டிருந்தது. கோப்பை ரிங்காவுக்கு. மண்டபம் எழுந்து நின்றது. இகராஷி சூப் கிண்ணத்தோடு அழுதார். சிஹரு தூணுக்கு வெளியே தலையை நீட்டி அந்தப் படத்தை மட்டும் பார்த்தாள்.

"அங்க மிஷின் பாத்துச் சொல்லுது," என்றாள், அண்டாவிடம்.

3

எங்கள் பள்ளிப் போட்டிகளில் நடுவர் என்று தனியாக யாரும் வருவதில்லை. தோற்றவள் அதே மைதானத்தில் அடுத்த ஆட்டத்துக்கு நடுவர். உயர நாற்காலியில் ஏறிப் புள்ளியும் சொல்ல வேண்டும், கோட்டையும் பார்க்க வேண்டும். கடைசி வருடத்துக்காரி தோற்றால் அன்றோடு அவள் பள்ளி டென்னிஸ் முடிந்தது. அதையும் விழுங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். பண்பை வளர்க்கிறதாம். யாருடைய பண்பையோ.

ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஜூன். கடைசி வருட சிஹரு தோற்று ஏறினாள். அடுத்து ஆட வந்தவர்கள் இருவர்: முதல் வருட ரிங்கா, வேறொரு பள்ளியின் கடைசி வருட அத்சுமி. ஆளுக்கு எட்டு கேம், சமன். முதலில் ஏழு புள்ளி எடுப்பவர் ஜெயிக்கும் டை பிரேக்கில் ரிங்காவுக்கு ஆறு, அத்சுமிக்கு ஐந்து. ரிங்கா அடித்த பந்து அத்சுமி பக்கத்துக் கடைசிக் கோட்டருகே விழுந்தது. அத்சுமி விரலை உயர்த்தினாள்: வெளியே.

"ஆட்டம் முடிந்தது. வெற்றி, ஒகுயாமா," என்றது நாற்காலி.

மணல் தூவிய செயற்கைப் புல்லில் பந்தின் தடம் நிற்காது. அத்சுமி குனிந்து நடுவருக்கு நன்றி சொன்னாள். நிமிர்ந்தபோது நடுவரின் முகம் முழுக்க ஈரம்.

[அத்சுமியைப் பற்றி இங்கே ஒரு பத்தி இருந்தது. அப்பா பனி அள்ளும் வண்டி ஓட்டுபவர், வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை, இன்னும் ஒரு ஆட்டம் ஜெயித்திருந்தால் ஒரு கல்லூரி அவளை டென்னிஸுக்காகவே எடுத்திருக்கும். அந்தப் பத்தியை நீக்கிவிட்டேன். பாவப்பட வைக்கிற பத்திகள் எனக்கு ஆகாது.]

4

அத்சுமி நான்தான்.

வேறு யாரோ போல எழுதினால் கோபம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

பரீட்சை எழுதிக் கல்லூரிக்குப் போனேன், பட்டம் வாங்கினேன், வீட்டில் முதல் ஆள். எல்லோரும் அதை ஒரு நல்ல முடிவு மாதிரிச் சொல்கிறார்கள். ஆனால் ஜூனில் வெயிலில் காயும் அந்த மணல் வாசனை வந்தால் இன்றும் என் வலது கை தானாக மூடிக்கொள்கிறது, உள்ளே மட்டையின் பிடி இருப்பது போல. வெற்றி வேண்டுமென்று நான் ஏங்கவில்லை. ஆறுக்கு ஆறு. அவ்வளவுதான். இன்னொரு புள்ளி ஆட வேண்டும்.

* அடிக்குறிப்பில் தள்ளப் பார்த்தேன், மேலேயே நிற்கிறது: சிஹரு இறங்கிய பிறகு அந்த நாற்காலியில் ஏறியது நான். ஒரு பந்து கோட்டருகே விழுந்தது. கண்ணில் நீர். வெள்ளைக் கோடு இரண்டாகத் தெரிந்தது. "வெளியே" என்றேன். பந்தை அடித்த நீலச் சட்டைக்காரி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து நன்றி சொன்னாள். அவள் பெயரை நான் விசாரிக்கவே இல்லை.

5

இறுதி ஆட்டம் முடிந்து மண்டபத்தில் கூட்டம் கலைந்த பின் குறிப்பேட்டோடு சிஹருவிடம் போனேன். என்னைப் பார்த்ததும் அவளுக்கு யாரென்று தெரிந்துவிட்டது.

"'ரிங்காவுக்கு அப்பவே கண்ணுல ஒரு தீ இருந்துச்சு'ன்னு போட்டுக்கோங்க."

"இருந்துச்சா?"

"எங்க பாத்தேன். அழுத அழுகையில எனக்குக் கோடே தெரியல. ஏதாவது சொல்லணுமேன்னு சொன்னேன்." அகப்பையால் அண்டாவைச் சுரண்டினாள். "அத்சுமி, பந்துக்கு ரெண்டடி தள்ளி நின்னது நீங்க. உள்ளயா, வெளியவா? வெளியன்னா அதையே எழுதிக்கோங்க. என் பேரப் போட்டே."

"இந்த ஊரு உங்கள சும்மா விடாது."

"ஒம்போது வருஷமா நானே என்ன சும்மா விடல."

முடிவு, முதல் வடிவம்: "வெளிய," என்கிறேன். இதழில் வருகிறது. இகராஷி அவளுக்கு டோஃபு விற்பதை நிறுத்துகிறார்.

இரண்டாம் வடிவம்: "உள்ள," என்கிறேன். அவள் அடிச்சூப்பை எனக்கு ஊற்றித் தருகிறாள். என் ஆறுக்கு ஆறு அங்கேயே

[முடிக்க முடியவில்லை.]

மூன்றாவதாக உண்மை என்று ஒன்று இருக்கிறது. அன்று பந்து தரையைத் தொடுமுன்பே என் விரல் உயர்ந்துவிட்டது. அப்படித்தான் ஞாபகம். அல்லது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்த பிறகு வந்த ஞாபகம்.

என்னால் இதற்குமேல் முடியாது. எங்கள் வழக்கம் உங்களுக்கு இப்போது தெரியும். எதிலும் தோற்காதவராக இருந்தால் இதழை மூடிவிட்டுப் போங்கள். தோற்றவர் என்றால் ஏறுங்கள், நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. கீழே அகப்பையோடு ஒருத்தி உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கோட்டருகே நான் நிற்கிறேன், விரலை இன்னும் உயர்த்தவில்லை.

ஐந்துக்கு ஆறு. பந்து இன்னும் தரைக்கு வரவில்லை.