தலைவரின் போத்தல்

காஜா பேராங் பேட்டைத் தேகப்பயிற்சிச் சங்கத்தில் ஒரே ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. ‘முடியலை’ என்று எவன் சொன்னாலும் நின்ற இடத்திலேயே ஐம்பது தண்டால் எடுக்க வேண்டும். சட்டம் போட்டவர் தலைவர் தம்பிராஜா. அவருக்கு வயது அறுபத்திரண்டு, மீசைக்கு மட்டும் முப்பது, மை அப்படி. கடைசியாக அவர் குண்டு தூக்கியது ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கேட்டால் அதற்கும் தண்டால்தான்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூலையில், சுதந்திர ஊர்வலத்துக்குச் சங்கத்தின் கொடிமரத்தைப் பண்டார் ஹிலிர் திடல்வரை நானே சுமப்பேன் என்று கூட்டத்தில் அறிவித்தார். அறிவித்ததோடு விட்டிருக்கலாம். தூக்கிக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஒரே மூச்சில் தூக்கினார். அடிவயிற்றில் ‘சொடக்’கென்றது. குடல் இறங்கிவிட்டது.

டாக்டர் கருணாகரன் தொட்டுப் பார்த்துவிட்டு, “தைச்சுத்தான் ஆகணும். விட்டா ஒரு நாள் குடல் சிக்கிக்கும், உயிருக்கே ஆபத்து. ஆனா அதுக்கு முன்னால உங்க உடம்புல எவ்வளவு தெம்பு இருக்குன்னு நான் பார்க்கணும்” என்றார்.

“என் தெம்பா? ஊரைக் கேளுங்க டாக்டர்!”

“ஆப்பரேஷன் ஊருக்கா, உங்களுக்கா?”

நாற்காலியில் கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னார் டாக்டர். வயிறு வலிக்கிறது என்றார் தலைவர். ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுருட்டிக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நேற்றுத்தான் மணிக்கட்டு பிசகிவிட்டதாம். கொஞ்சம் நடக்கச் சொன்னார். செருப்பு புதுசு, கடிக்கிறதாம். கருணாகரன் பொறுமைசாலி. மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெரிய போத்தலை எடுத்து வைத்தார்.

“ஒரு நாள் முழுக்க விடுற மூத்திரத்தை, ஒரு சொட்டு விடாம இதுல பிடிங்க. சிங்கப்பூருக்கு அனுப்புறேன். ஆம்பளை ஹார்மோன் எந்த அளவுக்கு ஊறுதுன்னு ஓரளவு தெரியும். அதுவும் குறைஞ்சு, உடம்பும் நலிஞ்சிருந்தா, அறுத்தப்புறம் தேறி எந்திரிக்கிறது கஷ்டம். அப்படி இருந்தா மூணு மாசம் உடம்பைத் தேத்திட்டு அறுப்போம். வெக்கப்பட இதுல ஒண்ணுமில்ல.”

ஒன்றுமில்லையாம்! ‘ஆம்பளை’க்கும் ‘குறைச்சல்’ என்ற சொல்லுக்கும் நடுவில் தன் பெயர் சிங்கப்பூர்க் காகிதத்தில் ஏறினால், மறுநாள் யூனுஸ் பாய் டீக்கடையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வேறு குழம்பே வேண்டாமே. தம்பிராஜா போத்தலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியேறினார்.

அன்று சாயங்காலமே மருதமுத்துவைக் கூப்பிட்டார். சங்கத்தின் முதல் பயில்வான் அவன். கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத உடம்பு.

“டேய், ஆம்பளை ஹார்மோன் சோதனையாம். சங்கத்தோட மானமே இந்தப் போத்தல்ல இருக்கு. நாளைக்கு முழுக்கப் பிடிச்சு நாளன்னிக்குக் கொண்டா. மூச்சு விடக்கூடாது.”

சொன்னபடி போத்தல் நிறைந்து வந்தது.

பத்து நாளில் காகிதமும் வந்தது. “அருமையான அளவு. உங்க வயசுக்கு எனக்கே நம்ப முடியலை” என்று தலையைச் சொறிந்துகொண்டே டாக்டர் வியாழக்கிழமைக்கு நாள் குறித்தார். சங்கத்தார் சும்மா இருப்பார்களா? ‘நம் தலைவரின் ஹார்மோன்: சிங்கப்பூர் சான்று’ என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் போட்டார்கள். துக்காங் எமாஸ் சாலையில் பொய்யாத விநாயகருக்கு அவர் பெயரில் அர்ச்சனை. அந்தச் சாமியின் பெயரைக் கேட்டதும் தம்பிராஜா கண்ணை இறுக மூடிக்கொண்டார். பக்திப் பரவசம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

கழுத்தில் மாலை விழ விழ அவர் கழற்றிக் கழற்றி வைத்தார். கத்தி இறங்கப்போவது தன் வயிற்றில். காகிதத்தில் இருக்கும் தெம்போ இன்னொருத்தனுடையது. இரவல் வேட்டி கட்டிக்கொள்ளலாம், இரவல் தெம்பில் பிழைத்து எழ முடியுமா? செத்தாலும் சாவேனே தவிர வாயைத் திறக்கமாட்டேன் என்று புதன்கிழமைவரை வீறாப்பாகத்தான் இருந்தார்.

வியாழக்கிழமை ஆப்பரேஷன் மேசையில் படுக்க வைத்து, மயக்க மருந்து மூடியை முகத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

“ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க.”

“டாக்டர்! அது என் மூத்திரம் இல்லே!”

வராந்தாவில் மாலையோடு நின்ற சங்கம் முழுவதற்கும் கேட்டது.

டாக்டர் மூடியை எடுத்துவிட்டார். “பின்ன யாரோடது?”

“மருதமுத்து! மருதமுத்துவோடது!”

“ஐயோ, என்னுதும் இல்லீங்க!” என்று கதவருகே அலறினான் பயில்வான். “எனக்குக் கல்யாணம் பேசியிருக்கு. குறைச்சலா வந்தா தலைவருக்குத் தெரிஞ்சு போயிடுமே! அதான் யூனுஸ் பாய்கிட்ட கொடுத்தேன்.”

எல்லாத் தலைகளும் திரும்பின. சங்கத்தாருக்கு டீ கொண்டு வந்திருந்த யூனுஸ் பாய் வராந்தா ஓரமாகக் குந்தியிருந்தார். அறுபத்தெட்டு வயது, எலும்பும் தோலும். தினமும் கிணற்றிலிருந்து கடைக்கு முப்பது டின் தண்ணீர் சுமக்கிற மனிதர். போன வருஷம் சங்கத்தில் சேர வந்தவரை, ‘உங்க உடம்பைப் பார்த்தாப் பாவமா இருக்கு பாய்’ என்று திருப்பி அனுப்பியவர் சாட்சாத் தம்பிராஜாதான்.

“ஏதோ வைத்தியத்துக்குன்னு கேட்டான்” என்றார் பாய். “டீக்குத்தான் காசு வாங்குவேன். இதுக்குப் போய் வாங்குவாங்களா? தாராளமாக் கொடுத்தேன்.”

டாக்டர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எல்லாருக்கும் தெரிந்தது. அங்கேயே ஒரு நாற்காலி போடச் சொன்னார். பாய் கையைக் கட்டிக்கொண்டு ஐந்து தடவை எழுந்து உட்கார்ந்தார். ஆறாவதற்கு டாக்டரே தடுக்க வேண்டியதாயிற்று. அடுத்து உட்கார்ந்த தலைவர் இரண்டாவதிலேயே நின்றுவிட்டார். தானே தடை போட்ட அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டார்.

“நவம்பர்ல அறுப்போம்” என்றார் டாக்டர். “அதுவரைக்கும் பெல்ட் கட்டுங்க, எதையும் தூக்காதீங்க. முட்டை, பால், கொஞ்சம் நடை. தினம் நாற்காலியில எந்திரிச்சு உட்காருங்க. வலி கூடினாலோ வாந்தி எடுத்தாலோ அன்னைக்கே ஓடி வாங்க. ஆனா, நீங்களே வாங்க.”

ஆகஸ்ட் முப்பத்தொன்று. ஊர்வலம் புறப்பட்டபோது தம்பிராஜா யூனுஸ் பாய் கடை வாசலில் நாற்காலியில் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டிருந்தார். பாய் எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கொடிக்கும் மரியாதையாக எழுந்து நிற்கிறார் என்று நினைத்து, “தலைவருக்கு என்னா தேசபக்தி லா!” என்று கூட்டம் கைதட்டியது.

சங்கத்தின் கொடிமரம் மருதமுத்துவின் தோளில் வந்து சேர்ந்தபோது பாய் “ஒன்பது” என்றார். அடுத்ததற்கு உடம்பு எழவில்லை. சங்கமே பார்த்துக்கொண்டு நின்றது.

“முடியலை” என்றார் தம்பிராஜா. இரண்டாம் தரம் உரக்கவே சொன்னார். “தேசபக்தியும் இல்லே, மண்ணும் இல்லே. என்னால முடியலைப்பா.”

யாரும் தண்டால் என்று சொல்லவில்லை. மருதமுத்து கொடிமரத்தைப் பொத்தென்று இறக்கினான். “எனக்கும்தான் முடியலைண்ணே! தோள் கழண்டு போச்சு.”

யூனுஸ் பாய் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய், மரத்தின் அடிமுனையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். “முன்னால பிடிடா தம்பி, போவோம்.”

“பாய், நீங்க போயிட்டா எனக்கு யார் எண்ணுறது?” என்றார் தலைவர்.

“நீங்களே எண்ணிக்குங்க. உண்மையா எண்ணுங்க.”

ஊர்வலம் நகர்ந்தது. கையை ஊன்றி எழுந்த இரண்டைக் கழித்துவிட்டு, தம்பிராஜா ஏழிலிருந்து தொடங்கினார்.