தலை மாற்றிய தீயணைப்பு வண்டி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு அலுமாரியில் என் சேலைகளுக்கு ஒரு தட்டு, என் புருஷன் ஹியூபேட்டின் பொம்மைகளுக்கு மூன்று தட்டு. கப்பல் கொம்பனியில் கிளாக்காக இருந்தவர், ஜப்பான் கப்பல்களில் வரும் மாலுமிகளிடம் ரொபோக்களை வாங்கிச் சேர்த்தார். காராக, விமானமாக மாறுகிற ரொபோக்கள். பிள்ளை இல்லாத வீட்டில் இத்தனை பொம்மை இருந்தால் ஒழுங்கைச் சனம் என்ன கதைக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆனால் என் மனிதருக்கு அதில் ஒரு பெயர் இருந்தது. ரொபோவைக் கையில் எடுத்தால் எது அதனுடையது, எது பிறகு போட்டது என்று சொல்லிவிடுவார். அதனால்தான், மத்திய வங்கியில் குண்டு வெடித்த அந்த வருசம், வெள்ளவத்தைப் பாலேஸ்வரி எங்களை வரச்சொன்னார். அவருடைய மகன் ரொறன்ரோவில். சின்ன வயதில் அவன் விளையாடிய ரொபோ ஒன்றை அங்கே யாரோ வாங்கக் கேட்கிறார்களாம். முழுக்க ஒறிஜினலா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு காலைநேரம் வேலையில்லாமல் நானும் கூடப் போனேன்.

சிவப்பு ரொபோ. ஹியூபேட் அதன் நெஞ்சை மடித்து, கால்களைச் சேர்த்து, ஏணியை நிமிர்த்தினார். தீயணைப்பு வண்டியாகிவிட்டது. திரும்ப ரொபோவாக்கி, கழுத்தில் கட்டைவிரலை வைத்து மெல்லத் தடவினார். அங்கேயே விரல் நின்றுவிட்டது.

"தலை இதின்ரை இல்லை," என்றார்.

"அதை நீங்களே அவனிட்டைச் சொல்லுங்கோ தம்பி. எனக்கு உது விளங்காது," என்றார் பாலேஸ்வரி.

காலி வீதியில், காசு கட்டி வெளிநாட்டுக்குக் கதைக்கிற ஒரு கொமினிக்கேசனுக்கு மூவருமாகப் போனோம். தொலைபேசிக் கூட்டுக்குள் ரொபோவோடு ஹியூபேட் நுழைந்தார். கூட்டுக் கதவு பாதிதான். கனடாவுக்கு எட்ட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் போட்ட சத்தம் ரோட்டுக்கே கேட்டது.

"உடம்பு ஒறிஜினல். தலைதான் மாத்தியிருக்கு. நல்லாத்தான் மாத்தியிருக்கினம், சாதாரண ஆளுக்குத் தெரியாது. ஆனா அங்கை தெரிஞ்சவன் பாத்தால் பிடிச்சுப்போடுவான். ஓம், இப்பிடி ரெண்டு மூண்டு என்ரை கையாலையும் போயிருக்கு."

அடுத்த கூட்டில் நின்ற ஒருவன் தன் அழைப்பைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனதை நான் கண்டேன். கண்டும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்த நாட்களில் கொழும்பில் தலை மாற்றுவது என்றால் ஒரே கருத்துத்தான். ஒருவருடைய பாஸ்போட்டில் இருக்கும் படத்தை எடுத்துவிட்டு இன்னொருவர் படத்தை ஒட்டி, ஆளை வெளிநாட்டுக்கு ஏற்றுவது.

நாங்கள் காசு கட்டி முடிக்கும்முன் பொலிஸ் ஜீப் வந்துவிட்டது. பாலேஸ்வரி சனத்துக்குள் நுழைந்து ஆளே இல்லாமல் போனார். அவருடைய மகன் தலை மாற்றித்தான் போனவன். சாட்சிக்கு வா என்று அவரை எந்த வாயால் கேட்பது? எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஹியூபேட்டும் சொல்லவில்லை.

ஸ்டேசனில் எங்களை விசாரித்த இன்ஸ்பெக்டர் கத்துகிற ஆள் இல்லை. எனக்குக் கதிரை தந்தார், தேத்தண்ணி வரவழைத்தார். நாங்கள் கொட்டாஞ்சேனைச் சனம், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. நடந்தது முழுவதையும் ஹியூபேட் விளக்கினார். ரொபோவை மேசையில் வைத்து, வண்டியாக மாற்றிக் காட்டி, தலையின் சிவப்பும் உடம்பின் சிவப்பும் வேறு வேறு என்று காட்டினார். எனக்கென்றால் இரண்டும் ஒரே சிவப்பு. இன்ஸ்பெக்டர் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"உண்மைதான். வேற தலை," என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"இருங்க நோனா," என்றார் அவர். லாச்சியைத் திறந்து மூன்று பாஸ்போட்டுகளை எடுத்து ஹியூபேட்டின் முன்னால் வைத்தார். "லொட்ஜ் ஒன்றில் பிடித்தது. இமிகிறேசனுக்கு அனுப்பினால் மாதக் கணக்கில் இழுக்கும். இந்தச் சின்னத் தலையைக் கண்டுபிடித்தவருக்கு இது பெரிய வேலையா? எது மாற்றினது என்று காட்டுங்கள். பின்னேரமே நோனாவோடு வீட்டுக்குப் போகலாம்."

சுவரோர வாங்கில் மூன்று பெடியள் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். மூவரும் ஹியூபேட்டின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாவதை விரித்தார், மூடினார். இரண்டாவதை விரித்தார். படத்தின் ஓரத்தில் கட்டைவிரல் போனது, நின்றது. ஒரு கணம்தான். மூன்றாவதையும் பார்த்துவிட்டு, "தெரியேல்லை சேர்," என்றார். சொல்லும்போதே அவருடைய காது சிவந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியும்," என்றார் இன்ஸ்பெக்டர். கோபமே இல்லாமல் சொன்னார். "உதவி செய்யாவிட்டால் உங்களையும் தலை மாற்றுகிற கூட்டத்தில் சேர்த்து மேலே அனுப்ப வேண்டிவரும். பிறகு என் கையில் இல்லை."

மேலே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. எங்கள் தெருவில் அப்படிப் போன இரண்டு பேர் இன்னும் வரவில்லை. இரண்டாவது புத்தகம் என்று என்னாலேயே சொல்லியிருக்க முடியும். வாய்வரை வந்தது. அந்தப் பெடியன் எனக்கு யார்? பெயரும் தெரியாது, ஊரும் தெரியாது. எனக்கு என் மனிதர் வேண்டும்.

ஹியூபேட் கண்ணாடியைக் கழற்றி, சேட்டு விளிம்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு அது சீமெந்துத் தரையில் விழுந்தது. தேடிக் குனிகிறவர்போல ஒரு காலை எடுத்து வைத்தார். சப்பாத்துக்கு அடியில் அது நொறுங்கியது எல்லோருக்கும் கேட்டது. கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குத் தன் கைவிரலே மங்கல்தான்.

"கை தவறிப்போச்சு சேர்," என்றார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து நொறுங்கிய துண்டுகளைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நாளைக்கு வேற கண்ணாடி கொண்டு வாங்க நோனா. அதுவரை இவர் இங்கே இருக்கட்டும்."

உள்ளே கூட்டிப்போகும்போது ஹியூபேட் என் தோளைத் தடவிப் பிடித்து, தமிழில் மெதுவாகச் சொன்னார்: "கொண்டு வராதையும் ஐறீன்."

வீட்டில் பழைய கண்ணாடி ஒன்று இருந்தது. பொம்மைத் தட்டில், கூட்டோடு. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அவரைத் திட்டினேன். உத்தமன் வேஷம் போட உனக்கு வேறு இடம் கிடைக்கவில்லையா என்று ஒரு பொம்மையைப் பார்த்துக் கேட்டேன். மாதாவிடமும் கேட்டேன். இதைக் கொண்டுபோனால் அந்தப் பெடியன் போவான், இவர் வருவார். கொண்டுபோனாலும் இவர் வாய் திறக்காமல் இருந்தால்? இப்படியே விடிந்துவிட்டது.

காலையில் சோறும் மீன்குழம்பும் பார்சல் கட்டினேன். கண்ணாடிக்கூட்டைப் பைக்குள் வைத்தேன். படலைவரை வந்து, திரும்பிப் போய், அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

"கண்ணாடி?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"செய்யக் குடுத்திருக்கு சேர். ஒரு கிழமை செல்லுமாம்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். என் காதும் சிவந்திருக்க வேண்டும். பின்னால் போய்ச் சோற்றைக் கொடுக்கச் சொல்லித் தலையசைத்தார். ஒரு பெண் கொன்ஸ்தாபிள் என்னோடு கூட வந்தாள்.

ஹியூபேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஷேவ் எடுக்காத முகம், ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பார்சலோடு நான் கிட்டப் போனேன். எங்கள் காலடிச் சத்தம் கேட்டு அவர் நிமிர்ந்து, எனக்குப் பக்கத்தில் நின்ற அந்தக் கொன்ஸ்தாபிளைப் பார்த்து, "சாப்பிட்டீரோ ஐறீன்?" என்று கேட்டார்.