வெய் ஆற்றில் மிதந்த தூண்கள்

ஷுவாங் சிறுமியாக இருந்தபோதே தாமிங் அரண்மனைக்கு விளக்கேற்ற வந்தவள். அந்தக் காலத்தில் மேட்டின் மேலிருந்த பெரிய மண்டபத்தில் தூர தேசத்துத் தூதர்கள் நெற்றி தரையில் படக் கும்பிடுவார்கள். தலைநகரான சாங்கானின் எந்தத் தெருவில் நின்றாலும் அந்தக் கூரை தெரியும்.

பிறகு கலகக்காரர்கள் வந்து கொளுத்தினார்கள். பேரரசர் ஓடினார், திரும்பி வந்தார், மறுபடியும் ஓடினார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கட்டினார்கள்; கட்டியதைவிட எரிந்தது அதிகம். அரண்மனையில் துணி வெளுக்கும் கூயியும் ஷுவாங்கும் இரண்டு முறை தாமரைக் குளத்து நாணலுக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார்கள்.

கடைசியாக வந்த சேனாபதி கொளுத்தவில்லை. பிரிக்கச் சொன்னார். தலைநகரம் இனி லோயாங். அரண்மனை மட்டுமல்ல, ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டையும் இடித்து, மரத்தை வெய் ஆற்றில் மிதக்கவிட வேண்டும். ஜனங்களும் கூடவே போக வேண்டும். தை மாதக் குளிரில் நகரமே தன் கூரையைத் தானே பிடுங்கியது. தெருவெல்லாம் அழுகை.

ஷுவாங்கும் கூயியும் ஏறிய தெப்பம் மண்டபத்துத் தூண்களால் கட்டியது.

"எத்தனை வருஷம் இந்தத் தூணத் தொட்டா கைய வெட்டுவேன்னாங்க," என்றாள் கூயி. "இப்ப பாரு, அதும்மேலயே குந்திக்கிட்டுப் போறேன்."

"சும்மா இரு அக்கா. சிப்பாய் காதுல விழப்போவுது."

"விழட்டுமே. அவனுக்கும்தான் குளுருது."

மஞ்சளாற்றில் சேர்ந்ததும் வெள்ளம் தெப்பத்தைப் பாறையில் அடித்தது. கயிறுகள் அறுந்தன. ஷுவாங் ஒரு தூணைக் கட்டிப் பிடித்தாள். சிவப்பு அரக்குப் பூச்சில் கை வழுக்கியது. யாரோ ஏழையின் குடிசை உத்தரம் பக்கத்தில் வந்தது. அதன் சொரசொரப்பில் நகத்தைப் பதித்துக் கரைசேர்ந்தாள். கூயியைக் காணவில்லை. ஆற்றோடு போய்விட்டாள் என்று அழுதுகொண்டே லோயாங் வரை நடந்தாள்.

நகர வாசலில் சிப்பாய்கள் அரண்மனை ஆட்களை வலப்பக்கமும் மற்ற ஜனங்களை இடப்பக்கமும் பிரித்து நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வழியில் கூட வந்த வண்டிக்காரர் ஒருவர் அவள் காதோரம் சொன்னார்: "அரண்மனை ஆளுன்னு வாயத் தொறக்காதம்மா. ராசாகிட்ட வேல பாத்தவங்க எல்லாரையும் வழியிலயே சேனாபதி ஆளுங்க கழுத்த நெரிச்சுட்டாங்க. குழிய நானே பாத்தேன்."

"நீ யாரு?" என்றான் சிப்பாய்.

"மேற்குச் சந்தைல ரொட்டி சுடுறவங்க."

அவன் இடப்பக்கம் கைகாட்டினான். அவள் திரும்பும்போது வலப்பக்க வரிசையிலிருந்து குரல் வந்தது.

"ஏய், ஷுவாங்! உசுரோடதான் இருக்கியாடி?"

கூயி. தலையில் கட்டு, முகம் முழுக்கச் சிரிப்பு. ஷுவாங்கின் கால் நின்றது. சிப்பாய் அவளையே பார்த்தான்.

"உன்னத்தான் கூப்பிடுறாளா?"

"யாருன்னே தெரியலீங்க."

"அடியே, நான்தான், கூயி..."

ஷுவாங் நடந்தாள். குரல் இன்னொரு முறை அவள் பெயரைச் சொன்னது, பாதியில் நின்றது. கூயிக்குப் புரிந்துவிட்டதா, யாராவது வாயைப் பொத்தினார்களா, தெரியவில்லை. திரும்பிப் பார்க்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை.

அந்த வலப்பக்க வரிசையில் நின்றவர்களைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. ஷுவாங் லோயாங்கில் உண்மையாகவே ரொட்டி சுடக் கற்றுக்கொண்டாள். சில வருடங்களில் அரச வம்சமும் முடிந்தது. சாங்கானிலிருந்து வந்த ஒருவன், அரண்மனை மேட்டில் இப்போது கோதுமை விதைக்கிறார்கள் என்றான்.

"அப்பிடியா," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைக் கிளறினாள்.