ஆறாவது ரீலில் வலது கை

காலை ஒன்பதே காலுக்கு நோட்டு அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எடிட்டிங் அறையின் சின்னத் திரையில் படத்தின் கதாநாயகனான உளவாளி துறைமுகக் கிடங்குப் படிகளில் உருண்டு விழுந்தான், எழுந்தான், ஓடினான். வலது கையில் வெள்ளைக் கட்டு. ஆனால் மூன்றாவது ரீலில், ஹோட்டல் அறையில், அவனுக்குக் குண்டு பட்டது இடது கையில். காயம் என்ன வாடகைக் குடித்தனக்காரனா, இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே என்று குடி மாற?

"அக்கா, நான் பார்த்தது சரிதானே?" என்றார் எடிட்டர்.

"சரிதான்."

"போச்சு போங்க."

படப்பிடிப்பில் எதுவும் வரிசையாக நடக்காது. கல்யாணத்தை முதல் வாரம் எடுப்பார்கள், காதலை மூன்றாவது மாதம் எடுப்பார்கள். எந்தக் காட்சியில் எந்தச் சட்டை, குவளையில் எவ்வளவு தண்ணீர், காயம் எந்தப் பக்கம் என்று எழுதி வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அவள். கையில் எப்போதும் ஒரு தடி நோட்டு இருப்பதால் நோட்டு அக்கா. பதினாறு வருஷத்தில் ஒரு பொத்தானைக்கூடத் தவறவிட்டதில்லை என்று அவள் பெருமையடிக்காத நாள் கிடையாது. அந்த வாய்க்குத்தான் இன்றைக்கு வந்தது வினை.

நோட்டைப் புரட்டினாள். 'கட்டு: வலது கை, முழங்கைக்கு மேல், மூன்று சுற்று' என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது. பக்கத்தில், அன்று ஹோட்டல் அறையில் அவள் எடுத்து ஒட்டிய போட்டோ. அதிலும் கட்டு வலது கையில்தான். பிறகு அவள் கண் சட்டைப்பையில் நின்றது. பை வலது பக்கம் இருந்தது. எந்தத் தையல்காரர் ஆம்பிளைச் சட்டைக்கு வலது பக்கம் பை வைப்பார்?

போட்டோவை விளக்கடியில் பிடித்தாள், விஷயம் புரிந்துவிட்டது. அன்று அந்த அறையில் அத்தனை விளக்கு, அத்தனை ஆள். ஒதுங்கி நின்று அவசரமாக எடுத்த போட்டோவில் அவள் நடிகரைப் பிடிக்கவில்லை, அலமாரிக் கண்ணாடியில் தெரிந்த நடிகரைப் பிடித்திருக்கிறாள். கண்ணாடியின் சட்டம் படத்தில் விழவில்லை. ராத்திரி வீட்டுக்குப் போய் அந்தப் போட்டோவைப் பார்த்து 'வலது' என்று எழுதியிருக்கிறாள். இரண்டு மாதம் கழித்து, கிடங்குக் காட்சிக்கு, அந்த எழுத்தை நம்பிக் கட்டியது மேக்கப்மேன். அவளுடைய சொந்தத் தம்பி.

"அந்தக் காட்சிய மட்டும் இடம் வலமாப் புரட்டிப் போட்டா?" என்றாள்.

"பின்னாடி பெட்டிங்க மேலெல்லாம் எழுத்து இருக்கு. எல்லாம் கண்ணாடியில பார்த்த மாதிரி திரும்பித் தெரியும்."

மறுபடி எடுக்கவும் வழியில்லை. கிடங்கு செட்டைப் பிரித்து விறகாக விற்றாயிற்று. நடிகர் அடுத்த படத்துக்கு மொட்டை அடித்துக்கொண்டு விட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு விநியோகஸ்தர்களுக்குப் படம் போட்டுக் காட்ட வேண்டும். வெண்ணெய் திரண்டு வரும் நேரத்தில் தாழியை உடைத்தது அவள் கைதான்.

"பேசாம இருங்க. ஓடுற வேகத்துல யாரு பார்க்கப் போறா?" என்றார் எடிட்டர்.

யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். டைரக்டருக்கு நோட்டெல்லாம் கணக்கில்லை. கட்டு தப்பாக இருந்தால் கட்டினவன் தப்பு, அவ்வளவுதான். இந்தப் படத்திலேயே இரண்டு மேக்கப்மேன்களைத் துரத்தியிருந்தார். மூன்றாவதாகத்தான் அவள் கெஞ்சிக் கூத்தாடித் தம்பியைச் சேர்த்துவிட்டாள். எட்டு மாதம் வேலையில்லாமல், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, வீட்டில் யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் அவன். இந்த வேலை போனால் மறுபடி அந்தச் சுவர்தான்.

பத்து மணியிலிருந்து ஒன்றரை வரை அவள் உட்காரவில்லை. மாடி ஏறினாள், இறங்கினாள், யாரும் கேட்காத நாற்காலிகளைத் துடைத்தாள், டீயை ஆறவிட்டு வேறு டீ வாங்கி அதையும் ஆறவிட்டாள். கடைசியில் தாழ்வாரத்தில் தம்பியைப் பிடித்து விஷயத்தைக் கொட்டிவிட்டாள்.

அவன் சிரித்தான். "பதினாறு வருஷமா ஒரு பொத்தான்கூட..."

"அடி வாங்குவே. டைரக்டர்கிட்ட இப்பவே சொல்லிடறேன்டா."

"வேணாம். நீ வாயத் தொறக்காதே. யாரும் பார்க்கலன்னா தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு."

"பார்த்துட்டா?"

"பார்த்தா நான் பார்த்துக்கறேன், நீ சும்மா இரு அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் மனதில் என்ன வைத்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

விநியோகஸ்தர்கள் ஐந்து பேர் வந்தார்கள். நான்கு பேர் சும்மா. ஐந்தாமவர்தான் எல்லாம். அவருக்குக் கொட்டாவி என்று பட்டப்பெயர். படம் பார்க்கும்போது அவர் மூன்று கொட்டாவி விட்டால் அந்தப் படத்துக்குப் பாடை கட்ட வேண்டியதுதான் என்பார்கள். ஐந்து ரீல் ஓடியது, அவர் ஒன்றுகூட விடவில்லை. டைரக்டரின் பின்னந்தலையே பூரித்துப்போய் இருந்தது. நோட்டு அக்கா கடைசி வரிசையில் நெருப்பின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

ஆறாவது ரீலில் உளவாளி கிடங்குக்குள் நுழைந்தான், இடது கையால் ஒரு தடியனை ஓங்கி அறைந்து வீழ்த்தினான்.

"நிறுத்துங்க. லைட்டப் போடுங்க" என்றார் கொட்டாவி. "கட்டு கை மாறிடுச்சே?"

டைரக்டர் எழுந்தார். திரையைப் பார்த்தார். திரும்பினார். "மேக்கப்!"

"என் தப்புதான் சார்" என்று தம்பி உடனே முன்னால் வந்தான். "மறந்து மாத்திக் கட்டிட்டேன்."

"வெளிய போ. இனிமே நான் இருக்கிற பக்கம் உன் தலை தெரியக் கூடாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டு கதவை நோக்கி நடந்தான். திருட்டுப் பட்டம் கட்டின பிள்ளை மாதிரி அவன் போவதைப் பார்க்க அவளால் முடியவில்லை. அந்த நிமிஷம் அவளுக்குத் தன்மேல் வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமல்ல.

"நில்லுடா" என்றாள். நோட்டைத் திறந்துகொண்டு முன்வரிசைக்குப் போனாள். "அவன் கட்டினது நான் எழுதினபடி சார். நான்தான் கண்ணாடியில தெரிஞ்சதப் போட்டோ புடிச்சுட்டேன். பாருங்க, சட்டைப்பை எந்தப் பக்கம் இருக்குன்னு."

"அப்ப நீங்களும் போகலாம்" என்றார் டைரக்டர். "குடும்பமே சேர்ந்து என் குடியக் கெடுத்துட்டீங்க."

"இருங்கய்யா." கொட்டாவி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தப்பா இது? நான் தந்திரம்னுல்ல நினைச்சேன்? ஹோட்டல்ல குண்டு பட்ட இடது கை வேலைக்காகாதுன்னு நம்பித்தானே அந்தத் தடியன் அசந்து நிக்கிறான். அதே கையால அடி வாங்குறான் பாருங்க. கட்டு கை மாறுதுன்னா காயமே நடிப்பு! ஒரு வரி வசனம் போதும், தியேட்டர் இடிஞ்சு விழும்."

டைரக்டரின் வாய் ஒரு கணம் திறந்தபடி நின்றது. பிறகு மூடியது. பிறகு, கூச்சநாச்சமே இல்லாமல், "அதத்தான் சார் நானும் யோசிச்சேன்" என்றது. "நீங்களாக் கண்டுபுடிக்கிறீங்களான்னு பார்த்தேன். இவங்களுக்கே சொல்லல." அக்காவையும் தம்பியையும் பார்த்து வெளியே இருக்கும்படி கையைக் காட்டினார்.

அந்த உளவாளியை வைத்து அப்புறம் எட்டுப் படம் வந்தது. எட்டிலும் கட்டு கை மாறியது, எட்டிலும் ஜனங்கள் விசிலடித்தார்கள். அதெல்லாம் பின்னால். அன்று ஒரு மணி நேரம் கழித்து டைரக்டர் வெளியே வந்து, அவளை மட்டும் மாடிப்படித் திருப்பத்துக்குக் கூப்பிட்டார்.

"இன்னும் ரெண்டு படம் கேக்கறாரு. ரெண்டுக்கும் உங்க தம்பிதான் மேக்கப்" என்றார். "நீங்க வேணாம்."

"ஏன் சார்?"

"தப்புன்னு நோட்டைக் காட்டி அத்தனை பேர் முன்னாடி நிரூபிச்சவங்க நீங்க. நான் அத யோசனைன்னு சொல்லிட்டேன். நீங்க பக்கத்துல நின்னா எனக்குப் பேச நாக்கு வராது."

மனுஷன் வாழ்நாளில் பேசிய ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

"நான் இல்லாம அவன் வரமாட்டான் சார்."

"அப்ப ரெண்டு பேரும் வேணாம். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை. "அவன வச்சுக்குங்க சார், நான் இல்லேன்னு மட்டும் இப்ப அவன்கிட்ட சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். கீழே குழாயடியில் தம்பி முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். இவளைப் பார்த்ததும் ஈரக் கையோடு ஓடி வந்தான்.

"என்னக்கா சொன்னாரு?"

"ரெண்டு பேரும் இருக்கலாமாம். அடுத்த படத்துக்கும் நாமதான். நீ மேல போய் ஒரு கும்பிடு போடு. நான் வீட்டுக்குப் போயிட்டு வந்துடறேன்."

"நெஜமாவா?"

"நான் என்னிக்குடா உன்கிட்ட பொய் சொல்லியிருக்கேன்?"

சொன்னதே இல்லை. அதனால் அவன் நம்பினான். இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறினான். மேலே கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு தெருமுனைக்கு நடந்து, வந்த பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, டிக்கெட் வாங்கிய பிறகு அழுதாள்.