திங்கட்கிழமைப் பெட்டி

அன்றைக்குப் பரமசிவன் வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர். மின்விசிறிக்குக் கீழே மடக்கு நாற்காலியில் பரமசிவன். மடியில் பரீட்சை அட்டை, அதன்மேல் மனு எழுதக் கோடு போட்ட தாள். அவருக்கு வலப்பக்கம், சுவரில் முதுகு சாய்த்துத் தரையில் மகள் உமாதேவி. கட்டில் விளிம்பில் பக்கத்து வீட்டுப் பிரேமலதா. தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும் என்பதால் எந்த வீட்டுக்குப் போனாலும் அவளுக்குக் கட்டில்தான். நிலையை ஒட்டி, உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், பிளாஸ்டிக் ஸ்டூலில் மருந்துக்கடை முத்துசெல்வம். அலமாரிக்குப் பக்கத்தில் இசக்கியம்மாள் வழக்கமாக உட்காரும் இடத்தில் யாரும் உட்காரவில்லை. அலமாரிமேல் அவள் படம். படத்துக்கு முன்னால் ஏழு தீப்பெட்டிகள்.

அந்தப் பெட்டிகளைப் பற்றி இன்றைக்கு வாய் திறக்கக்கூடாது என்று பிரேமலதாவிடமும் முத்துசெல்வத்திடமும் உமாதேவி முன்னமே சொல்லி வைத்திருந்தாள்.

இசக்கியம்மாள் கல்யாணமாகி வந்த நாள் முதல் தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைத்தவள். கண் பார்க்காமலே கை ஒரு பிடி குச்சி அள்ளினால் பெட்டிக்குக் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அந்தக் கைக்குத்தான் முடக்குவாதம் வந்தது. விடிந்தால் விரல்கள் பழுத்த மிளகாய்போலச் சிவந்து தடித்து நிற்கும். சோற்றைப் பிசைய முடியாது, ஜாக்கெட் கொக்கி போட முடியாது. வெகுநாள் மருந்துக்கடையில் "மூட்டுவலிக்கு ஒரு செட்" வாங்கி முழுங்கியே ஓட்டினாள். பிரேமலதாதான் தனக்குப் பார்க்கிற திருநெல்வேலி டாக்டரிடம் அவளை அனுப்பி வைத்தாள். அவர் மூன்று தினுசு மாத்திரை எழுதிக் கொடுத்தார். உமாதேவி புதியம்புத்தூரில் தையல் வேலை முடிந்து வருகிற வழியில் முத்துசெல்வம் கடையில் சீட்டை நீட்டினாள். கூட்டமாக இருந்தது. அவன் எல்லோருக்கும் செட் போடுவதுபோலவே மூன்றையும் கத்தரித்து ஒரே கவரில் போட்டு, 'காலை 1, சாப்பிட்ட பின்' என்று எழுதிக் கொடுத்தான்.

மாத்திரை அட்டையை அழுத்திப் பிதுக்க இசக்கியம்மாள் விரலில் வலு இல்லை. ஆனால் தீப்பெட்டியை மட்டும் எந்த வலியிலும் அவளால் தள்ளித் திறக்க முடியும். கை அறிந்த வேலை. அதை யோசித்தவர் பரமசிவன். லேபிள் ஒட்டும் பிரிவில் தலை நரைத்தவர் அவர். ஏழு காலிப் பெட்டி எடுத்து, வெள்ளைத்தாள் ஒட்டி, ஞாயிறு முதல் சனி வரை அழகாக எழுதி, அட்டையிலிருந்து மாத்திரைகளை உதிர்த்து ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று போட்டார். காலி அட்டைகளைக் குப்பையில் போட்டார். தெருவே வந்து பார்த்தது. "புருசன்னா இப்படில்லா இருக்கணும்" என்றார்கள். இசக்கியம்மாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த மூன்றில் ஒன்று, வாரத்துக்கு ஒரே ஒரு நாள் தின்ன வேண்டிய மாத்திரை.

இரண்டாவது வாரம் அவளுக்கு வாயெல்லாம் புண் வந்தது. சூடு என்று நினைத்து மணத்தக்காளிக் கீரை கொடுத்தார்கள், தேங்காய்ப்பால் கொடுத்தார்கள். வாய் எரிந்தாலும் மாத்திரையை மட்டும் அவள் விடவில்லை. பிறகு காய்ச்சல். உடம்பெல்லாம் ரத்தத் திட்டு. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அங்கே ஒரு டாக்டர் உமாதேவியைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, "வாரத்துக்கு ஒரு தடவைதானே குடுத்தீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அம்மா போன பிறகு, டாக்டர் என்ன சொன்னார் என்று அப்பா கேட்டார். "ரத்தத்துல கிருமியாம்ப்பா" என்றாள். அவரும் தலையாட்டிக்கொண்டார். இப்போது மாத்திரை பற்றி மனு எழுத அவர் உட்கார்ந்ததும், தெருப் பேச்சைக் கேட்டுத்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"கலெக்டருக்கே எழுதுங்க அண்ணாச்சி" என்றாள் பிரேமலதா. "கீழ உள்ள ஆபீசுக்குப் போட்டா மனுவுக்கே மூட்டுவலி வந்து அங்கனயே உக்காந்துக்கிடும்."

பரமசிவன் லேசாகச் சிரித்தார். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் எழுதி முடித்திருந்தார். "பொருளுக்குக் கீழ என்ன எழுத, சொல்லு."

"மருந்துக்கடைல, ஆஸ்பத்திரில எல்லாம் மாத்திரைய விவரமாச் சொல்லிக் குடுக்கணும்னு எழுதுங்கப்பா" என்றாள் உமாதேவி. "அது போதும்."

"போதாது தாயி." பிரேமலதா கட்டிலில் அசைந்து உட்கார்ந்தாள். "தெருவுல என்ன பேச்சு நடக்குன்னு உனக்குத் தெரியாதா? அந்த மாத்திர ஆளக் கொல்லும்ங்காவ. கீழத்தெரு மாடக்கண்ணு பொண்டாட்டி அப்படியே தூக்கிச் சாக்கடைல போட்டுட்டா. மறுபடி செட்டு வாங்கித் திங்கா, மாசம் ஒரு ஊசி போடுதா. மூஞ்சி பூரி மாதிரி வீங்கிக் கெடக்கு. நான் அதே மாத்திரைய வாராவாரம் தின்னுதான் இங்கன நடந்து வந்திருக்கேன்." இசக்கியம்மாள் படத்தைப் பார்த்தாள். "தெனமும் திங்கியா மதினின்னு ஒரு வார்த்த நான் கேட்டிருந்தேன்னா..."

உமாதேவி அவளை முறைத்தாள். பிரேமலதா வாயை மூடிக்கொண்டாள். முத்துசெல்வம் ஸ்டூலில் இருந்தபடியே செருப்பைக் காலால் துழாவினான்.

பரமசிவன் யாரையும் பார்க்கவில்லை. எழுத ஆரம்பித்தார். அவருடைய எழுத்து லேபிள்போலவே ஒரே உயரத்தில் வரிசையாக விழுந்தது. ஒரு பத்தி முடிந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"என் மனைவி இறந்தது அந்த மாத்திரையால் அல்ல. அது நல்ல மாத்திரை. வாரம் ஒரு முறை உண்ண வேண்டிய அதனை, தினமும் உண்ணும் மாத்திரைகளோடு ஒரே உறையில் வாங்கினோம். ஆங்கிலத்தில் எழுதியிருந்தது எங்களுக்கு விளங்கவில்லை. வாயால் சொன்னவரும் இல்லை. அதை அட்டையிலிருந்து உதிர்த்து, ஏழு தீப்பெட்டிகளில் போட்டு, ஏழு நாளும் உண்ணும்படி வைத்தவன் நான்."

உமாதேவிக்குச் சுவர் பின்னால் நகர்ந்ததுபோல் இருந்தது.

"எப்பா... அத யாரு ஒங்ககிட்ட..."

"டாக்டர் ஒன்னக் கூப்பிட்டாருல்லா, நான் தண்ணி பிடிக்கப் போனேன்னு நெனச்சியாக்கும்? பிடிச்சுட்டு வந்து ஒன் பின்னாலதாம்ட்டி நின்னேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீ எனக்காக மறைச்சு வச்சிருந்த. எனக்குத் தெரியும்னா ஒனக்கு அந்த ஆறுதலும் இல்லாமப் போயிருமேன்னு விட்டுட்டேன்."

அவள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இத்தனை நாளும் அப்பா தினம் காலையில் அந்தப் பெட்டிகளைத் துடைத்து வரிசையாக வைத்ததை ஆசையென்றே நினைத்திருந்தாள்.

"மாமா," என்றான் முத்துசெல்வம். வெகுநேரமாக அடக்கியிருந்த மூச்சோடு வந்தது சொல். "நான் அன்னைக்குக் கூட்டத்துல... அத்த என்னிய மகன் மாதிரி... கடைப் பேரு வந்துச்சுன்னா லைசென்ஸ் போயிரும் மாமா."

"ஒங்கடைப் பேரு இதுல இல்லலே."

உமாதேவி சட்டென்று நிமிர்ந்தாள். "ஏன் இல்ல? இவன் நோகாம இருந்துக்கிடணுமா? ஒங்க பேர மட்டும் எழுதி நீங்க தலையில அடிச்சுக்கிடணுமா?"

"இவன் கடைய மூடினா அடுத்த கடைக்காரன் இதே கவர்லதாம்ட்டி போட்டுக் குடுப்பான். இது ஆளப் பிடிக்கிற மனு இல்ல." பரமசிவன் தாளைத் திருப்பினார். "வார மாத்திரைக்குத் தனி உறை வேணும், செவப்பு நெறத்துல. கெழம இன்னதுன்னு தமிழ்ல எழுதிக் குடுக்கணும். நோயாளி வாயால ஒரு தடவ திருப்பிச் சொல்லச் சொல்லணும். அந்த மாத்திரைக்கு ரத்தம் பரிசோதிக்கக் கைகால் வெளங்காதவ திருநெல்வேலி வரை பஸ்ஸுல நின்னுக்கிட்டுப் போகாம, பக்கத்துலயே வழி பண்ணணும். வேற என்ன பிரேமா?"

"வாய்ப்புண் வந்தா கீரய நம்பாம, மாத்திரைய நிப்பாட்டிட்டு ஒடனே டாக்டர்கிட்ட ஓடணும்னு அந்தச் செவப்பு உறையிலயே போடச் சொல்லுங்க அண்ணாச்சி."

அதையும் எழுதினார். 'கீரை' என்ற சொல்லில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அவளுக்கு ஊட்டிவிட்டவரும் அவர்தான்.

பிரேமலதா பேனாவை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தன் பெயரை வரைந்தாள். உமாதேவி கையெழுத்துப் போட்டாள். 'மருந்துக்கடை நடத்துபவர்' என்று எழுதி ஒரு கோடு போட்டு முத்துசெல்வத்திடம் நீட்டினார் பரமசிவன். "கடைக்காரங்களுக்கும் இது வேணும்னு நீயும் சொன்னா எடுபடும்லே. இஷ்டம்னா போடு."

அவன் தாளைப் பார்த்தான். அலமாரிமேல் இருந்த படத்தைப் பார்க்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன் மாமா" என்று எழுந்து போனான். செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மறுநாள் காலை அப்பாவும் மகளும் தபாலாபீசுக்குப் போனார்கள். மூன்று கையெழுத்து, கீழே ஒரு வெறுங்கோடு. கவருக்குள் கடிதத்தோடு ஒரு தீப்பெட்டியும் இருந்தது. ஸ்பீட் போஸ்ட் கவுண்டரில் இருந்த பெண் கவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினாள்.

"தீப்பெட்டியா? ஐயா, கோவில்பட்டிக்காரரா இருந்துக்கிட்டு இது தெரியாதா? தீப்பெட்டிய தபால்ல அனுப்பக் கூடாது."

"குச்சி இல்லம்மா. காலிப் பெட்டி."

ஒட்டாத கவரைத் திறந்து அவரே எடுத்துக் காட்டினார். அவள் காதருகே ஆட்டிப் பார்த்தாள். தள்ளித் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. மேலே 'திங்கள்' என்று எழுதியிருந்தது.

"இத எதுக்கு அனுப்புதீங்க?"

உமாதேவிக்கும் அது புரியவில்லை. ஏழில் இது ஏன் என்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம போட்டது சரிதாம்மா" என்றார் மகளிடம், மெதுவாக. "அது வீட்டுல ஒங்கம்மாகிட்ட இருக்கட்டும். திங்கக்கெழம போட்டதுல இருந்துதான் தப்பு."

பெட்டியை மூடிக் கடிதத்துக்குள் வைத்தார். கவுண்டரில் இருந்த பசை டப்பாவில் விரலைத் தொட்டு, லேபிள் ஒட்டுகிற அதே கையால் மடிப்பின் ஓரம் முழுக்கச் சீராகத் தடவி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அழுத்தினார். ஒட்டியது. இன்னும் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டே நின்றார். உமாதேவி அவர் விரலுக்கடியிலிருந்து கவரை மெல்ல எடுத்துக் கவுண்டருக்குள் கொடுத்தாள்.