வார்சமே வீட்டுச் சனிக்கிழமைகள்

என் மகள் கோசிகா சனிக்கிழமைகளில் எங்களைப் பார்க்கத்தான் எங்கள் குட்மேய்ஸ் வீட்டுக்கு வருகிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் வந்தது பக்கத்து வீட்டு வார்சமேயைப் பார்க்க.

வார்சமே சோமாலியாக்காரன். அறுபது வயதிருக்கும், மெலிந்த ஆள், வாய் ஓயாது. கோசிகா பல்கலைக்கழகத்தில் அல் ஷபாப் இயக்கத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அவர்கள் எப்படித் தொடங்கினார்கள், எப்படிச் சனத்தைப் பிடித்தார்கள் என்பதை அவன் வாயால் கேட்டு எழுத வேண்டுமாம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் ஒரு இயக்கம் ஊருக்குள் எப்படி வரும் என்பதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. என் மகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை.

"என்னப்பா, வயிறெரியுதோ?" என்றாள் என் மனைவி சிவமலர். "வேணுமெண்டா நீங்களும் போய்க் குந்தியிருங்கோவன்."

போனேன். எனக்கு வேறு அலுவலும் இருந்தது. போன கிழமைக் காற்றில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த பலகை வேலி விழுந்துவிட்டது. திருப்பி நடும்போது அவன் நாலு அங்குலம் என் பக்கம் தள்ளிவிடுவான் என்று எனக்குச் சந்தேகம். அளவு நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் அவன் குசினிக்குள் நுழைந்தேன்.

கோசிகா போனை மேசையில் வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தாள். வார்சமே ஆங்கிலத்தில் சொன்னான். ஊரை விட்டு வந்து முப்பது வருஷம் இந்த நாட்டுப் பெட்ரோல் ஸ்டேசனில் நின்ற எனக்கு அந்த ஆங்கிலம் விளங்கும்.

அரசாங்கம் விழுந்து, ஆளாளுக்குத் துவக்கோடு திரிந்த நாட்டில் முதலில் வந்தது நீதிமன்றமாம். மதப் பெரியவர்களும் வியாபாரிகளும் சேர்ந்து கள்ளனைப் பிடித்து விசாரிக்க அமைத்த நீதிமன்றங்கள். அவற்றுக்காகத் துவக்குத் தூக்கிய இளைஞர்கள்தான் பிறகு அல் ஷபாப். எத்தியோப்பிய ராணுவம் வந்து நீதிமன்றங்களை உடைத்தது. பிற நாட்டுப் படை வந்துவிட்டது என்ற கோபத்தில் இவர்களுக்கு ஆள் சேர்ந்தது. ஷபாப் என்றால் இளைஞர்கள் என்று அர்த்தமாம். எங்கள் ஊரிலும் இயக்கக்காரரைப் பெடியள், பையன்கள் என்றுதான் சொன்னோம்.

"அவர்கள் குண்டால் மட்டும் ஊரைப் பிடிக்கவில்லை" என்றான் வார்சமே. "காணிச் சண்டை, கிணற்றுச் சண்டை என்று சின்ன வழக்காகப் பார்த்து எடுத்தார்கள். லஞ்சம் இல்லை. சொன்ன தீர்ப்பை ஒருவனும் மீற மாட்டான். நானும் என் காணிக்காகப் போனேன். ஒரு பின்னேரத்தில் முடித்துத் தந்தார்கள்."

"பிறகு?" என்றாள் கோசிகா.

"மூன்று மாதம் கழித்து வந்தார்கள். உனக்கு நாங்கள் நியாயம் செய்தோம், இந்தத் தெருவில் அரசாங்கத்துக்கு வேலை செய்கிறவன் யார் என்று சொல் என்றார்கள். என் மச்சானின் பெயரைச் சொன்னேன்."

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் மகள் கையை நீட்டி அவன் கையைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஐந்து வயதில் ரோட்டுக் கடக்கும்போது என் கையைப் பிடித்தவள். அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை.

எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் பின்னால் வந்ததும் வாய் திறந்தேன்.

"அவனை நம்பாதை. இவ்வளவு விவரம் உள்ளுக்கை இருந்தவனுக்குத்தான் தெரியும்."

"அப்பா, அவர் தான் செய்த பிழையைத்தானே சொன்னவர். பொய் சொல்லுறவன் அதையோ சொல்லுவான்?"

"ஏன், எங்களுக்குக் கதை இல்லையோ? என்னட்டைக் கேட்டனியோ?"

அவள் கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து போனை என் முன்னால் வைத்தாள். "சரி, சொல்லுங்கோ."

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதுதான் பிழை.

எண்பத்தாறாம் ஆண்டு. எனக்கும் பக்கத்து வளவு யோகலிங்கத்துக்கும் வேலிச் சண்டை. மழைக்கு மழை வேலி அடைக்கும்போது கதியால் கம்புகள் ஒரு முழம் தள்ளி நடப்படும். கோர்ட்டில் வழக்கு ஏழு வருஷம் கிடந்தது. கடைசியில் வழக்கு இயக்க முகாமுக்குப் போனது. பெடியள் வந்து, கயிறு பிடித்து, ஒரு பின்னேரத்தில் முடித்தார்கள். இவ்வளவும் சரியாகச் சொன்னேன்.

"ஆர் முகாமுக்குப் போனது? நீங்களோ?"

"யோகலிங்கம்" என்றேன்.

"பிறகு?"

"பிறகு பெடியள் அவனைத் தேடி வந்தவங்கள். மற்ற இயக்கத்துப் பெடியன் ஆர் வீட்டுக்கு வந்து போறான் எண்டு கேட்டவங்கள். அவன் என்ரை வீட்டைக் காட்டிப்போட்டான்."

"ஐயோ. உங்களைக் கொண்டுபோனவங்களோ? எத்தினை நாள் வச்சிருந்தவங்கள்? ஆர் எடுத்துவிட்டது?"

நான் அதை யோசித்து வைக்கவில்லை. குசினியில் சிவமலர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திச் சத்தம் நின்றது.

"இரண்டு... மூண்டு நாள்" என்றேன்.

சிவமலர் திரும்பாமலே சொன்னாள்: "பிள்ளை, யோகலிங்கத்தின்ரை மனிசி குமுதினி இப்ப இந்த நாட்டிலைதான், தோர்ண்டன் ஹீத்திலை இருக்கிறா. பெடியள் கொண்டுபோன மனிசன் எப்ப வருவார் எண்டு கனகாலம் பாத்தவ. அவவிட்டையும் ஒருக்காக் கேள்."

கோசிகா என்னைப் பார்த்தாள். நான் அளவு நாடாவை எடுத்து இழுத்தேன், விட்டேன். யோகலிங்கம் வீட்டுக்கு வந்து போன பெடியன் குமுதினியின் தம்பிதான். அன்றைக்கே எனக்கு அது தெரியும்; தெரிந்தும் பெடியளுக்கு அந்த வீட்டைக் காட்டினேன்.

அவள் பதிவை நிறுத்திப் போனைப் பைக்குள் போட்டாள். "அம்மா, குமுதினி அன்ரியின்ரை நம்பரைத் தாங்கோ" என்றாள்.

நான் பின்வளவுக்குப் போனேன். வார்சமே தனியாகப் பலகையைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தான். ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னான். பிடித்தேன்.

"அளந்து பார், எங்கே நடலாம்?"

"உனக்கு விருப்பமான இடத்தில் நடு."

அவன் சிரித்தான். "உன் மகள் நல்ல பிள்ளை. பதினைந்து வருஷம் ஒருவருக்கும் சொல்லாததை அவளுக்குச் சொன்னேன். இப்போது நித்திரை வருகிறது."

கையிலிருந்த பலகையை அவன் மேல் போட்டுவிடலாம் போலிருந்தது. அப்படி எரிந்தது எனக்கு. அவன் ஆணி அடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.