தெருவில் இறங்கிய பெஞ்சுகள்

ஆலயத்தின் கடைசி வரிசை பெஞ்ச் வெளியே நடந்துபோனது ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில். கால்களை மாற்றி மாற்றி வைத்து, வாசற்படியில் மட்டும் கொஞ்சம் தயங்கி, கேட்டைத் தாண்டிச் சாலையில் இறங்கியது. சபையார் திரும்பிப் பார்த்துவிட்டு வேதப் புத்தகத்தில் விட்ட இடத்தைத் தேடினார்கள். காலி பெஞ்ச்தானே, அதில் ஆள் யாரும் இல்லையே என்று செயலாளர் பிறகு சமாதானம் சொன்னார். அதுதான் சிக்கல் என்பது அவருக்குக் கடைசிவரை உறைக்கவில்லை.

இந்தச் சபையின் கமிட்டி மாதம் தவறாமல் கூடும். வெளியே இருக்கும் மக்களைப் போய்ச் சந்திப்பது என்பது கூட்டத்தின் கடைசிப் பொருள். அதற்கு முன்னால் மின்விசிறி, சுவர்ப்பூச்சு, பாடகர் குழுவின் அங்கிக்கு என்ன நிறம் என்பதெல்லாம் வரும். அங்கியின் நிறத்திலேயே பொழுது சாய்ந்துவிடும். மூத்தவர் ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து முடிவு ஜெபம் செய்துவிடுவார். போதகர் வந்த முதல் மாதமே அந்தப் பொருளை முதலில் வைக்கச் சொன்னார். வழக்கமில்லை என்றார்கள். வருடக்கணக்கில் கேட்டார். அவருக்கு முன்மண்டை வழுக்கை விழுந்ததுதான் மிச்சம். வீட்டுக்கு வந்து மனைவியிடம் பொருமுவார். "அவங்ககிட்ட ஏங்க உத்தரவு கேக்குறீங்க? செருப்பை மாட்டிக்கிட்டு நீங்களே போகவேண்டியதுதானே," என்பாள் அவள். கமிட்டி இல்லாமல் எப்படி என்று அவர் இழுப்பார். இதைச் சொல்லும் எனக்குக் கமிட்டியைவிட அவர்மேல்தான் எரிச்சல் அதிகம்.

அடுத்தடுத்த வாரங்களில் மற்ற பெஞ்சுகளும் கிளம்பின. ஒன்று பேருந்து நிறுத்தத்தில் நின்றது, இன்னொன்று பெரிய மருத்துவமனை வாசலில். ஒன்று மதுக்கடைக்கு எதிரே போய் நின்றதும் கமிட்டிக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. அவசரக் கூட்டம் போட்டு, மிச்சமிருந்த பெஞ்சுகளைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்கினார்கள். அவை தரையைப் பெயர்த்துக்கொண்டு போயின. பிறகு மீட்புக்கென்று ஒரு துணைக்குழு அமைந்தது. சபைத் தலைவர்கள் அத்தனை பேரும் வாழ்க்கையில் முதல்முறையாகத் தெருத்தெருவாக அலைந்தார்கள், வீட்டுக்கு வீடு கதவைத் தட்டினார்கள், வெயில் மழை பார்க்கவில்லை. எல்லாரிடமும் பெஞ்சைப் பற்றித்தான் விசாரித்தார்கள்.

கடைசி வரிசை பெஞ்ச் ஆலயத்துக்குப் பின்தெருவில், ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் நிற்பதாகத் தகவல் வந்தது. போதகரும் செயலாளரும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பட்டறைக்காரர் அதில் உட்கார்ந்து கதவுக்கான ஒரு இரும்புக் கீலைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க பெஞ்சுங்க," என்றார் செயலாளர்.

"தெரியும். என் வீட்டுக்காரி உங்க சர்ச்சுல இதுலதான் உக்காருவா. போன வருஷம் படுத்தவ எந்திரிக்கவே இல்ல. யாராவது வருவாங்கன்னு வாசலையே பாத்துக்கிட்டுக் கிடந்தா." கீலை ஊதிப் பார்த்துவிட்டு மறுபடி தேய்த்தார். "அவ காணாம போனது ஒருத்தருக்கும் தெரியல. பெஞ்சு காணோம்னதும் வந்துட்டீங்க."

எங்களுக்குத் தகவல் வரலியே என்று செயலாளர் ஆரம்பித்தார். போதகர் அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தார். ஞாயிறு தவறாமல் மேடையிலிருந்து பார்த்த முகம். எவ்வளவு முயன்றும் வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அவங்க பேரு என்னங்க?" என்று கேட்டார்.

பட்டறைக்காரர் சொன்னார். கீலைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார். போதகர் உட்கார்ந்தார்.

"ஐயா, ஆளுங்க காத்திருக்காங்க. தூக்கிடலாமா?" என்றார் செயலாளர்.

"நீங்க போங்க," என்றார் போதகர்.

அதற்குப் பிறகு அவர் கமிட்டிக் கூட்டம் எதற்கும் போகவில்லை; பெஞ்ச் நிற்கும் வாசல்களுக்குத்தான் போகிறார். ஆலயத்தில் நின்றுகொண்டேதான் ஆராதனை நடக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினால் என்ன நிறத்தில் வாங்குவது என்று கமிட்டி இன்னும் பேசி முடிக்கவில்லை. எங்காவது ஒரு வாசலில் புதிதாக ஒரு பெஞ்ச் வந்து நின்றால், அந்தத் தெருவில் இருப்பவர்கள் அது எப்படி வந்தது என்று கேட்பதில்லை. உள்ளே யாருக்கு என்ன ஆயிற்று என்று போய் விசாரித்துவிட்டு, போதகர் வந்தால் உட்காரட்டும் என்று அதைத் துடைத்து வைக்கிறார்கள்.